போன் கடைக்காரனின் தடைக்காலம்

மண்டபத்திலிருந்து பெரியபட்டினம் போகும் வழியில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கரையூரில் பதினொரு ஆண்டுகளாகக் கைபேசிக் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் செய்வது, உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றுவது, உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன சார்ஜிங் பின்னைச் சுரண்டிச் சரிசெய்வது, தவணையில் புது போன் கொடுப்பது ஆகியவைதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே, என் மகளின் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை சொந்தமாக டச் போன் வாங்கித் தருவதில்லை என்று மற்றப் பெற்றோருடன் சேர்ந்து முடிவெடுத்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. "சாராயக் கடைக்காரன் மதுவிலக்குக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குறான்" என்று என் மைத்துனர் கேலி செய்தார். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையிடம் எந்த போன் இருக்கிறது, அதில் என்ன ஓடுகிறது, டேட்டா தீர்ந்துவிட்டதென்று இரவு எத்தனை மணிக்குக் கடைக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதெல்லாம் என் கண்ணெதிரே நடப்பவை.

இதற்கு முந்தைய கதை ஊரடங்கு நாட்களில் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி ஒருபுறம் ஓடினாலும், பாடமும் வீட்டுப்பாடமும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்ததால், கம்மலை அடகு வைத்து மகனுக்கு போன் வாங்கிய தாய்மாருக்கு அந்த போனை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு அது தவறு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பள்ளி திறந்த பிறகு பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது. போன் மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எங்களில் எவருக்கும் அப்போது தோன்றவில்லை.

என் மகள் ஆறாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில், 2023-இன் தொடக்கத்தில், தனக்கொரு போன் வேண்டும் என்று கேட்டாள். "எல்லார்ட்டயும் இருக்குப்பா" என்றாள். அந்த "எல்லாரும்" யார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் 31 பிள்ளைகள். விற்றவனும் பழுது பார்த்தவனும் நானே என்பதால் எனக்குக் கணக்கு சுலபம்: சொந்தமாக போன் வைத்திருந்தவர்கள் ஆறு பேர். மீதி 25 பேரும் அவரவர் வீட்டில் "எல்லார்ட்டயும் இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இல்லாதவர்கள் பேசாமல் இருப்பார்கள், இருக்கிற ஆறு பேரின் பேச்சுதான் இடைவேளை முழுவதும் கேட்கும். இதே முயற்சியில் இறங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பேச்சைத் தொடங்குமுன் வகுப்பில் எண்ணிப் பாருங்கள். அந்த ஓர் எண்ணிக்கையைக் கேட்டதும் பாதிப் பெற்றோரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைச் சொன்னவர், கடற்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா. அவருடைய மகனும் அதே வகுப்பு. விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டி, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற கை; ரீசார்ஜுக்குக் காசு நீட்டும்போது அந்த விரல் நுனிகள் எப்போதும் வெடித்தே இருக்கும். என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, மாசத்துல பன்னெண்டு நாளுதான் பாசிக்குப் போறதுன்னு நாங்களாத்தான் முடிவு பண்ணுனோம். ஒருத்தி மட்டும் வீட்டுல இருந்தா அவ கூலிதான் போகும், பாசி வளராது. எல்லாரும் நின்னாத்தான் வளரும். இதுவும் அப்படித்தானே?" இப்பகுதிப் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட இந்தக் கட்டுப்பாடு வெளியுலகிலும் பேசப்பட்ட ஒன்று; பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் விருதைப் பெற்றபோது செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நான் அதை ஒரு பெருமைச் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்தவன். என் வீட்டுச் சிக்கலுக்கு அதில் வழி இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் எங்கள் கரையில் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு படகுக்காரன் மட்டும் நல்லவனாக இருந்து கரையில் நின்றால் பக்கத்துப் படகு அவன் பங்கையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்துவிடும். போன் இல்லாத ஒற்றைப் பிள்ளையின் நிலையும் அதுதான். அவளைக் கண்டிப்பான வீட்டுப் பிள்ளை என்று யாரும் பாராட்டப்போவதில்லை. விளையாட்டுக்கும் பேச்சுக்கும் அழைக்காமல் விட்டுவிடுவார்கள்.

ஆகவே அந்த ஆண்டுத் தடைக்காலத்தில், ஆண்கள் கரையில் இருக்கும் நேரம் பார்த்து, வலை பின்னும் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டோம். அங்கே நாங்கள் செய்த முதல் பிழை, ஆசை மிகுதியால் ஊர் முழுவதற்கும் ஒரே விதியைப் போட்டதுதான். பதினெட்டு வயதுக்குக் கீழ் எவர் கையிலும் போன் இருக்கக் கூடாது என்று தீர்மானித்து, ஒரு தாளில் எழுதி, கடைகளில் ஒட்டினோம். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பையனிடமிருந்து போனைப் பிடுங்க முடியாது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மீறுபவர்களுக்கு 500 ரூபாய் தண்டம் போடலாம் என்று சிலர் கிளம்பியபோது, ஒரு பெரியவர், "தண்டம் போட்டா, ஐநூறு குடுத்தா போன் வச்சுக்கலாம்னு ஆயிரும்" என்று சொல்லி அதை நிறுத்தினார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது.

அடுத்த முறை அளவைச் சுருக்கினோம். ஊர் வேண்டாம், முழுப் பள்ளியும் வேண்டாம், ஒரே ஒரு வகுப்பு போதும். பிள்ளை தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது தன் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளோடுதான். அண்ணன் வகுப்பில் யாரிடம் என்ன இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிதில்லை. 31 வீடுகளில் 17 வீடுகள் முதலில் ஒப்புக்கொண்டன. ஏற்கெனவே போன் கொடுத்துவிட்ட ஆறு வீடுகளைக் குற்றம் சொல்வதில்லை என்பதையும் சேர்த்தே முடிவு செய்தோம். அந்த ஆறில் இரண்டு வீடுகள் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு தாங்களாகவே வந்து சேர்ந்துகொண்டதற்கு அந்த மரியாதைதான் காரணம் என்று நம்புகிறேன். அதே ஆண்டில் அயர்லாந்தில் கிரேஸ்டோன்ஸ் என்ற கடலோர ஊரின் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை பிள்ளைகளுக்கு ஸ்மார்ட்போன் தருவதில்லை என்று தாமாகவே உடன்பட்டதைப் பிற்பாடு படித்தேன். அவர்களுக்கு எட்டுப் பள்ளிகள் கூடிவந்தன. எங்களுக்கு ஒரு வகுப்பைக் கூட்டுவதற்கே தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

சமூக வலைத்தளம் எந்த வயதில் என்பதில் நீண்ட வாதம் நடந்தது. "பதிமூணு வயசுன்னு அவங்களே போட்டிருக்காங்களே" என்று கேட்டார் ஒரு தகப்பனார். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் 13 என்று வைத்திருப்பது உண்மைதான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததில், 13 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களை இணையத்தில் திரட்டப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று அமெரிக்காவில் 1998-இல் வந்த ஒரு சட்டம்தான் அதற்கு மூலம் என்று தெரிந்தது. பிள்ளையின் மனம் பக்குவப்படுவதைப் பார்த்து வைத்த வயது அது இல்லை. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுவரை குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்க வேண்டும் என்ற அதன் பிரிவு நடைமுறைக்கு வரும் காலம் இனிமேல்தான். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் கணக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாங்கள் 2023-இல் 16 என்று பிடித்ததற்கு இப்படிப்பட்ட பெரிய ஆதாரம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வும் அந்த வயதும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நினைவில் நிற்க அது போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் நாங்கள் கற்றவற்றில் மிகவும் பயன்பட்டது. போன் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டில் பிள்ளையின் போன் என்னென்ன வேலை செய்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் வேறு வழி கிடைக்காதவரை உறுதிமொழி வெறும் பேச்சாகவே இருக்கும். எங்கள் ஊரில் அம்மா விடியுமுன் பாசிக்குப் போய்விடுவார், அப்பா கடலில் இருப்பார், வீட்டில் பிள்ளை மட்டும். அந்த வீட்டில் போன் என்பது ஆடம்பரம் இல்லை. அதற்குப் பட்டன் போன் போதும் என்று சொல்லி நானே ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட விலையில் வரவழைத்துக் கொடுத்தேன். அதிலும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஏனென்றால் அந்நிறுவனத்துக்கு 2ஜி சேவையே கிடையாது. தெரியாமல் வாங்கிவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. 4ஜி பட்டன் போன்களிலோ சிலவற்றில் யூடியூபும் வாட்ஸ்அப்பும் உள்ளேயே இருக்கும். பட்டன் இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது. டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டங்கள் 2025-இன் தொடக்கத்திலிருந்து எல்லா நிறுவனங்களிலும் கிடைக்கின்றன. பிள்ளை வைத்திருக்கும் சிம்முக்கு அதைப் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

வளைகுடா நாட்டில் வாப்பா (அப்பா) இருக்கும் முஸ்லிம் வீடுகளின் நிலை வேறு. அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பேச முடியாது. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலி வேண்டும், அதற்கு டச் போன் வேண்டும். ஒரு காக்கா (அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) துபாயிலிருந்து என்னை அழைத்து, "ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ ஊருக்கு வாரேன் தம்பி. புள்ள மொகத்தப் பாக்குறதுக்கும் தடை போட்டியளோ?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவர் மனைவியும் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும்தான் வழி கண்டார்கள். போன் உம்மாவுடையது (அம்மாவுடையது), சார்ஜர் கூடத்தில் ஓரிடத்தில் நிலையாக இருக்கும், இங்கே இரவு எட்டரை ஆகும்போது அங்கே ஏழு மணி, வேலை முடிந்திருக்கும், அந்த நேரத்தில் வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசுவது. முன்பு மகன் தனியறையில் தன் போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவானாம். இப்போது சாப்பாட்டுத் தட்டு, தங்கையின் சண்டை, பூனை என்று எல்லாவற்றையும் பார்க்க முடிகிறது என்று அந்தக் காக்காவே பிறகு சொன்னார்.

பள்ளி சம்பந்தப்பட்டது எளிதாக முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை. வீட்டுப்பாடத்தை இரவில் படமெடுத்துக் குழுவில் போடும் பழக்கம் ஊரடங்கிலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தது. தனியாகப் போய்க் கேட்ட பெற்றோருக்குப் பலன் கிட்டவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகே, வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி நாட்குறிப்பில் பதியச் செய்வது என்ற பழைய முறை திரும்பியது. "நெட்டில் பார்த்து எழுதி வா" என்னும் செயல்திட்டங்களுக்கு இன்னமும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரனுக்கு மட்டும் தெரிந்த ஓட்டைகள் சில உண்டு. அவற்றில் பெரியது, அலமாரியில் கிடக்கும் பழைய போன். அப்பா புதிது வாங்கியதும் பழையதை டிராயரில் போட்டுவிடுவார். சிம் இல்லாததால் அது செத்துவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். பிள்ளை அதை எடுத்து, சேர்த்துவைத்த காசில் பேட்டரி மாற்றி, அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து இணைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்ற கணக்குத் திட்டத்தில் மிஞ்சிய டேட்டா நள்ளிரவு 12 மணிக்கு வீணாகிவிடும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெரியவர்கள் தூங்கிய பிறகு, பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் அதைத் தீர்த்துவிட வேண்டும் என்று ஓர் அவசரமே இருக்கும். காலையில் பார்த்தால் போன் சுட்டுக் கிடக்கும், சார்ஜ் இருக்காது. அம்மா என்னிடம் வந்து பேட்டரி போய்விட்டது என்பார். ஆகவே உறுதிமொழி எடுத்த வீடுகளில் பழைய போன்களை எல்லாம் திரட்டி விற்கவோ பூட்டவோ சொன்னோம். பெரியவர் வராமல் பள்ளிப் பிள்ளை தனியாகக் கொண்டுவரும் போனைப் பழுது பார்ப்பதில்லை என்று நானும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதனால் மாதம் நாலாயிரம் ரூபாய்வரை போயிற்று. அந்த வேலை பக்கத்து ஊர்க் கடைக்குப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பணத்தின் பக்கம் ஒன்று. ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஆயுதம் வாங்குவதற்காக ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மாவின் யுபிஐ ரகசிய எண்ணைப் பயன்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக 11,000 ரூபாயைத் தீர்த்திருந்தான். தடைக்கால நிவாரணத் தொகை வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனபோதுதான் கணக்கு காலியாக இருப்பது தெரிந்தது. எண் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அவனைக் கொண்டே அந்த அம்மா எல்லாருக்கும் பணம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் பணம் அனுப்பச் சொல்வதை நிறுத்துங்கள் என்று கடையில் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். இது எழுதப்படிக்கத் தயங்கும் தாய்மாருக்கு எளிதான காரியம் இல்லை. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

எழுதத் தயக்கமாக இருந்தாலும் இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். வேறொரு வகுப்பில் படித்த ஒரு பெண் பிள்ளை, ஒரு மாலை, கடையில் கூட்டம் கலைகிறவரை வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தாள். கண்ணாடி மேசைமேல் மடித்த இருபது ரூபாய் நோட்டை வைத்து, "அண்ணே, நெட்டுல இருக்குற ஒரு படத்த அழிக்க எவ்வளவு?" என்று கேட்டாள். நோட்டின்மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. பெண் பெயரில் பழகிய ஓர் அந்நியன், அவள் அனுப்பிய சாதாரணப் படத்தை மாற்றிச் செய்து, காசு கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தான். உரையாடலை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய முதல் எண்ணம். அழிக்காதே, அதுதான் சாட்சி என்று சொல்லி ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பாசி எடுக்கும் அக்காவை வரவழைத்து, அவருடன் அவளை வீட்டுக்கு அனுப்பினேன். 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் புகாரைப் பதிந்தோம். குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் அந்தத் தாயிடம் எழுதிக் கொடுத்தேன். மிரட்டல் நின்றுவிட்டது. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று தாய் அழுதுகொண்டே கேட்டதற்கு அவள் சொன்னது: "பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவாகன்னு பயந்தேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எங்கள் உறுதிமொழியில் ஒரு வரி கூடியது. என்ன தவறு நடந்திருந்தாலும், அதை வீட்டில் வந்து சொன்ன பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில்லை, அடிப்பதில்லை என்று பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு அது. இன்னொன்றும் அப்போது தெளிவாயிற்று. இப்படி ஒரு செய்தி பரவியதும் ஊரில் பெண் பிள்ளைகளின் போன் மட்டும் பறிபோகும், பையன்கள் சாவடியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிரட்டியவனும் எங்கோ ஒரு வீட்டுப் பையன்தானே என்று அந்த அக்கா கூட்டத்தில் கேட்டதற்கு எவரும் வாய் திறக்கவில்லை. விதி இருபாலருக்கும் ஒன்றே என்பதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. தம் மகனிடமிருந்துதான் முதலில் தொடங்கினார்.

பெரியவர்களின் போனைப் பற்றிய பேச்சு, நாங்கள் எதிர்பார்த்தபடியே, பிள்ளைகளிடமிருந்து வந்தது. என் மகள் ஒரு நாள் நான் வீட்டில் போன் பார்க்கும் நேரத்தைத் தாளில் குறித்துவைத்துச் சாப்பிடும்போது என்முன் வைத்தாள். கடை வேலை என்று சொல்லிப் பார்த்தேன். "பாதி நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தீகளேப்பா" என்றாள். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமத்தில் 2022 முதல் மாலை 7 மணிக்குச் சங்கு ஒலித்ததும் ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியையும் போனையும் அணைத்து வைக்கிறார்கள் என்று செய்தியில் படித்திருந்தேன். எங்களுக்குச் சங்கு தேவைப்படவில்லை. மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொன்னதிலிருந்து இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை என்று வைத்துக்கொண்டோம்; ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்; எந்த மதத்தவரானாலும் ஊரில் எல்லார் காதிலும் விழும். தொடர் நாடகங்களின் நேரம் அதற்குள் வருகிறது என்று பெண்கள் பக்கத்திலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்ததையும், தொலைக்காட்சிக்கு இந்த விதி பொருந்தாது என்று நாங்கள் கெளரவமாகப் பின்வாங்கியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் எல்லா வீடுகளிலும் இது நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

மற்றபடி போன் இல்லாத பிள்ளைகள் எல்லாம் மாலையில் புத்தகமும் கையுமாக இருக்கிறார்கள் என்று யாராவது நினைத்தால் அது வெறும் கனவு. கரையில் கபடி ஆடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சும்மா கிடக்கும் வத்தைப் படகில் ஏறி உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். சலிப்பாக இருக்கிறது என்று வீட்டில் வந்து நச்சரிக்கிறார்கள். அந்த நச்சரிப்பைத் தாங்குவதுதான் பெற்றோருக்கு உண்மையான வேலை.

உடைப்பு எங்கிருந்து வரும் என்று நாங்கள் கணக்குப் போட்டதில் ஒன்று தப்பிவிட்டது: உறவினர். விடுமுறைக்கு வரும் சித்தப்பா, பெருநாளுக்கு வரும் பெரியம்மா, எல்லாருக்கும் மேலாகத் தாய்மாமன். 2024-இல் எங்கள் வகுப்பு வீடு ஒன்றில் பூப்புனித நீராட்டு விழா நடந்தது. தட்டுத் தட்டாகச் சீர் வரிசை வந்தது. பட்டுப்புடவைக்கும் வளையலுக்கும் நடுவில், மினுமினுப்புத் தாள் சுற்றிய ஒரு டச் போன் பெட்டி. சபையில் வைத்த சீரைத் திருப்பினால் மாமனுக்கு அவமானம். வைத்துக்கொண்டால் மற்ற வீடுகளுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. பெண்ணின் தகப்பனார் என்னைக் கண்ணால் தேடினார். நான் போய், "மாமா, சீரை வாங்கியாச்சு, மனசு குளிர்ந்தாச்சு, போனை என் கடை மேசையில வச்சிருக்கேன், பத்தாவது பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு நீங்களே வந்து புள்ள கையில குடுங்க, அதுக்கும் ஒரு விருந்து வைப்போம்" என்றேன். அவர் கோபமாகத்தான் இருந்தார். இரண்டாவது விருந்து என்றதும் சற்று இளகினார். அன்றிலிருந்து எந்த வீட்டில் விசேஷம் என்றாலும், பத்திரிகை வைக்கும்போதே சீர்த்தட்டில் போன் வேண்டாம் என்று மாமன் வீட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் திறந்துவிடுவதா, ஒவ்வொரு செயலியாக அனுமதிப்பதா என்று அடுத்த தடைக்காலத்தில் பேசுவதாக இருக்கிறோம். இதற்கிடையில் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் வந்து, எப்படித் தொடங்குவது என்று கேட்டுப் போனார்கள். எண்ணிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மாமன் கொடுத்த அந்தப் பெட்டி என் மேசையின் கீழ் டிராயரில், மினுமினுப்புத் தாளோடு இருக்கிறது. லித்தியம் பேட்டரியை முழுவதும் வடியவிட்டுப் போட்டுவைத்தால் கெட்டுவிடும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாதி அளவுக்குச் சார்ஜ் ஏற்றி மறுபடி வைக்கிறேன். வாரண்டி முடிந்துவிட்டது. சார்ஜ் ஏற்றும் நாள் அந்தப் பெண்ணுக்கு எப்படித்தான் தெரியுமோ, பள்ளி விட்டு வரும் வழியில் கடைக்கு வந்து மேசைமேல் கையை ஊன்றி எட்டிப் பார்ப்பாள். "எத்தனை பர்சென்ட் மாமா?" என்று கேட்பாள். சொல்வேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.